முதல் வரியில் என் கூலி

வீட்டிலிருந்தே தொழில் செய்ய நினைக்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கையில எவ்வளவு முதல் இருக்கணும்?" என்பதுதான். மிக்ஸி, தராசு, பை ஒட்டும் மெஷின், முதல் மாதச் சரக்கு என்று அதற்கு ஒரு கணக்குச் சொல்லிவிடலாம். அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு நோட்டை எடுத்து, முதல் வரியில் உங்கள் கூலியை எழுதுங்கள். உளுந்தின் விலையும் மிளகாயின் விலையும் அதற்குக் கீழே வரட்டும்.

எங்களுக்குத் தென்காசிப் பக்கம். கணவருக்குச் சரக்குப் போக்குவரத்தில் வேலை கிடைத்து வல்லார்பாடத்துக்குக் குடிவந்தோம். எர்ணாகுளத்துக்கும் வைப்பினுக்கும் நடுவே காயல் சூழ்ந்து கிடக்கிற தீவு இது. செப்டம்பர் 24 மாதா கோயில் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து குவியும். 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் வரும்வரை இங்கிருந்து எங்கே போவதென்றாலும் படகுதான். 2011 பிப்ரவரியில் கன்டெய்னர் முனையம் திறந்த பிறகு லாரிகள் வரிசைகட்டத் தொடங்கின. அந்த லாரிகளில் தூத்துக்குடி, சேலம், நாமக்கல் வண்டிகளும் உண்டு. டிரைவர்கள் வண்டியோரமாக ஸ்டவ் வைத்துச் சோறு பொங்குவதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை பிறந்தது. சுடுசோற்றில் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் இருந்தால் ஒரு நேரச் சாப்பாடு முடிந்துவிடுமே என்று தோன்றியது.

என்ன செய்து விற்பது என்பதில் நம் ஆசையோடு ஊரின் தட்பவெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊரில் என் அம்மா மொட்டைமாடியில் வடகம் பிழிந்தால் இரண்டு வெயிலில் கலகலவென்று காய்ந்துவிடும். இங்கே ஜூன் பிறந்தால் துணியே காய்வதில்லை. காற்றிலேயே ஈரம் நிற்கிறது. காலையில் சுட்ட முறுக்கைத் திறந்துவைத்தால் சாயங்காலத்துக்குள் நமத்துப்போகும். பொடி என்றால் சமாளிக்கலாம். பருப்பை வாசம் வரும்வரை வறுத்து, அகலத் தாம்பாளத்தில் பரப்பி, கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிட வேண்டும். வெதுவெதுப்பாக அரைத்துப் பையில் போட்டால் உள்பக்கம் வேர்த்து இரண்டு வாரத்தில் கட்டி தட்டும். உப்பைக்கூட வெறும் வாணலியில் புரட்டித்தான் சேர்ப்பேன்.

சரக்குக்கு மட்டாஞ்சேரி. பாலம் ஏறி வைப்பின் போய், ரோ-ரோ படகில் ஃபோர்ட் கொச்சி இறங்கினால் அங்கிருந்து பஜார் பக்கம்தான். மிளகும் சுக்கும் ஏலமும் காலங்காலமாகக் கைமாறுகிற தெருக்கள் அவை. மிளகாய் வற்றலை ஒடித்து விதையைப் பார்த்து, உளுந்தை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து வாங்கும் வழக்கம் எனக்கு அங்கே வந்ததுதான்.

ஆரம்பத்தில் என்னைத் தடுத்தது சரக்கும் இல்லை, மழையும் இல்லை. காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சேச்சி இட்லிப் பொடி வாங்கிக்கொண்டு, "பைசா எத்ரயாயி?" என்று கேட்பார். எனக்கு முகம் சிவந்துவிடும். சமையலறையில் செய்த பண்டத்துக்குப் பணம் வாங்குவது ஏதோ தரக்குறைவான காரியம் என்ற எண்ணம் சின்ன வயதிலிருந்தே எனக்குள் ஊறிக் கிடந்தது. பருப்புக்கும் மிளகாய்க்கும் ஆனதைக் கூட்டி, கூடவே பத்தோ இருபதோ சேர்த்து, கீழே பார்த்துக்கொண்டே சொல்வேன். நான் நின்று வறுத்த நேரம் அந்தத் தொகைக்குள் எங்கும் இருக்காது.

நம் நாட்டில் இது என் ஒருத்தியின் கூச்சம் மட்டுமல்ல. 2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தைக் கணக்கே இல்லாமல் கொடுத்துப் பழகிய கை, தொழில் தொடங்கும்போது மட்டும் சட்டென்று கணக்குப் பார்த்துவிடுமா? அடுப்பு ஒன்றே, ஆளும் ஒருத்தியே. அதனால் வீட்டு வேலைக்குப் போட்ட விலையைத்தான் தொழிலுக்கும் போடுகிறோம். அதாவது, ஒன்றுமில்லை.

எனக்கு வழி தெரிந்தது நூறு நாள் வேலைத் திட்டக் கூலியிலிருந்து. 2024-25-இல் கேரளத்தில் அது நாளொன்றுக்கு 346 ரூபாய். அந்தத் திட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்கு அரசு நிர்ணயித்த கூலி அது. அதை எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 43 ரூபாய் சொச்சம். ஐந்து கிலோ பொடிக்குக் கல் பொறுக்குவதிலிருந்து பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பதுவரை ஆறு மணி நேரம் ஆகிறது. ஆக 260 ரூபாய். 200 கிராம் பொட்டலம் ஒன்றுக்குப் பத்து ரூபாய் சொச்சம். அவ்வளவுதான். இந்தப் பத்து ரூபாயைக் கேட்கவா இத்தனை நாள் தயங்கினோம் என்று நோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்குப்படி, கேரளக் கிராமங்களில் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 852 ரூபாய், நாட்டிலேயே அதிகம். அந்தக் கூலியைப் போட்டாலும் பொட்டலத்துக்கு 25 ரூபாய் சொச்சம்தான் வருகிறது. உழைப்புக்கு இவ்வளவு மதிப்புள்ள மாநிலத்தில் இருந்துகொண்டு, நம் உழைப்பை நாமே பூஜ்யம் என்று எழுதுவது எந்த நியாயம்?

இந்த நியாயத்தை அறுபது வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்டவர்கள் லிஜ்ஜத் அப்பள நிறுவனத்துப் பெண்கள். 1959 மார்ச் 15-ஆம் தேதி பம்பாய் கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டைமாடியில் அப்பளம் இட்டார்கள். முதல் நாள் நான்கு பொட்டலம். இலவச உதவி வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தார்கள். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்கு அவர்களிடம் மிகவும் பிடித்தது அந்த நிறுவனத்தின் நடைமுறைதான். மாவு மையத்தில் பிசையப்படும், இடுவது அவரவர் வீட்டில். இட்ட அப்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், இட்ட கூலி தனியாகக் கைக்கு வரும். லாபம் என்பது வேறு கணக்கு. வீட்டில் உட்கார்ந்து செய்தாலும் வேலை வேலைதான் என்பதை அந்த ஏற்பாடு தினம் தினம் அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

1972-இல் எலா பட் தொடங்கிய சேவா சங்கம், வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர்களும் துணி தைக்கிறவர்களும் தொழிலாளர்களே என்று வாதாடியது. 1996-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுத் தொழிலாளர்களுக்கென்றே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. ஆனால் அது பிறருக்காக வீட்டில் இருந்து வேலை செய்கிறவர்களுக்கு. தனக்குத் தானே முதலாளியாக இருப்பவளின் கூலிக்கு எந்தச் சட்டமும் காவல் நிற்காது. அவளேதான் நிற்க வேண்டும்.

கூலியை எழுதத் தொடங்கியதும் மற்ற ஏற்பாடுகள் தாமாகச் சீரடைந்தன. பிள்ளைகள் பள்ளிக்குப் போனதிலிருந்து மத்தியானம் வரை தொழில் நேரம். அந்த நேரத்தில் அடுப்பில் வீட்டுச் சமையல் ஏறாது, மீன் வாசமும் வெங்காய வாசமும் அண்டாது. பொடி எந்த வாசத்தையும் உடனே இழுத்துக்கொள்ளும். தனி அலமாரி, தனி மிக்ஸி ஜார், தனி பேங்க் கணக்கு. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்கினேன். அதன் செலவும் விலையில் ஏறியது. உணவுப் பாதுகாப்புப் பதிவு நான் எடுத்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு வருஷத்துக்கு நூறு ரூபாய்தான் கட்டணம். அந்தப் பதினான்கு இலக்க எண்ணும், எடையும், தயாரித்த மாதமும், அதிகபட்ச விலையும், முகவரியும் லேபிளில் இருக்க வேண்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒருதரம் நேரில் போய்க் கேட்டுக்கொள்வது நல்லது, விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

எங்களோடு இருக்கும் என் அத்தைக்கு இந்தக் கணக்கு ஒப்பவில்லை. "நம்ம வீட்டு அடுப்புல வறுக்கதுக்கு நமக்கே கூலியாம்மா?" என்றார். உளுந்தில் கல் பொறுக்கித் தருவது அவர்தான். முறத்தை மடியில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரல் நுனியாலேயே பார்த்துவிடுவார். மாதக் கடைசியில் அவர் மணிக்கணக்கை நோட்டில் காட்டி, அவர் கூலியைக் கையில் வைத்தேன். "எனக்கெதுக்கும்மா?" என்று சொல்லிக்கொண்டே இரண்டு தரம் எண்ணினார், சுருக்குப்பையில் போட்டு முடிந்துகொண்டார். அடுத்த மாதம் முதல், தான் உட்கார்ந்த நேரத்தை அவரே என்னிடம் சொல்லி எழுதச் சொன்னார். சம்பாதித்த காசு தனி என்பது எந்த வயதிலும் மனுஷிக்குத் தெரியும்.

விலை ஏறியபோது சில வீடுகள் நின்றுபோயின. உண்மை. லாரிக்காரர்கள் நிற்கவில்லை, பொடி கெடாமல் இருக்கிறதா என்பதே அவர்கள் கேள்வி. இன்னொரு நன்மையைப் பின்னால்தான் உணர்ந்தேன். விலைக்குள் கூலி இருந்ததால், எனக்கு உடம்பு முடியாமல் போன மாதம் அதே கூலியைக் கொடுத்து இன்னொரு பெண்ணை வேலைக்கு வைக்க முடிந்தது. தொழில் நிற்கவில்லை. தன் கூலியை எழுதாதவள் படுத்துவிட்டால் தொழிலும் கூடவே படுத்துவிடும், ஏனென்றால் மாற்றாளுக்குக் கொடுக்க அந்த விலையில் இடமே இருக்காது.

கூலி என்பது மானப் பிரச்சினை மட்டுமல்ல, தொழில் நிலைக்குமா நிலைக்காதா என்பதே அதில் இருக்கிறது. அதனால் தொடங்கப்போகும் சகோதரிகளே, மிக்ஸி வாங்கும் முன் நோட்டு வாங்குங்கள். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை போடுங்கள், அரசு நிர்ணயித்த கூலிக்குக் கீழே மட்டும் போடாதீர்கள். அந்த விலையைச் சேர்த்தும் பண்டம் விற்கிறதென்றால் துணிந்து இறங்குங்கள். விற்கவில்லையென்றால் பண்டத்தை மாற்றுங்கள், உங்கள் கூலியை மட்டும் அழிக்காதீர்கள்.