இறகுத் துடைப்பம்

ஐம்பது வயதைக் கடந்த ஒருவன் மீண்டும் மாணவனாய் அமர்வது எளிதன்று. அவன் தலைமையாசிரியனாகவும் இருந்துவிட்டால் அது மேலும் கடினம். வினாக்களைத் தொடுத்தே பழகிய நாவுக்கு, ‘எனக்குத் தெரியவில்லை, சொல்லித் தாருங்கள்’ என்னும் சொற்கள் இலகுவில் வருவதில்லை. அச்சொற்களை நான் சொல்லக் கற்ற இடம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியன்று. தெம்பனிஸில் என் அக்காள் வீட்டு உணவு மேசை.

ஜொகூர் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் பணியாற்றி வருகிறேன். அக்காள் திருமணமாகிச் சிங்கப்பூரில் குடியேறி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. பள்ளி விடுமுறை தொடங்கியதும் பாலத்தைக் கடந்து சென்று, இரண்டு மூன்று நாள்கள் அவள் வீட்டில் தங்கி வருவது என் வழக்கம். தெம்பினிஸ் என்னும் வன்மரத்தின் பெயரால் வழங்கும் அவ்வூர், அடுக்குமாடி வீடுகள் எழுவதற்கு முன்னர் காடும் சதுப்பும் மணற்குழிகளுமாய் இருந்த நிலம். அவ்வட்டாரத்தில் கட்டடங்களுக்காக மணல் அகழ்ந்த பெரும்பள்ளம் ஒன்றே 1986ஆம் ஆண்டில் பிடோக் நீர்த்தேக்கமாக மாறியது. அதனைச் சுற்றி 4.3 கிலோமீட்டர் நீளத்திற்கு நடைபாதை உண்டு. விடியற்காலையில் அப்பாதையில் நடப்போரும் ஓடுவோரும் மிகப் பலர். நீர்க்கரையில் அசையாது நிற்போர் சிலர். அந்தச் சிலருள் ஒருவர் என் அத்தான்.

கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். தடித்த விரல்கள், குறைந்த பேச்சு. நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க ஒதுக்கப்பட்ட இடங்கள் உள்ளன. அங்கும் உயிருள்ள இரையைப் பயன்படுத்தலாகாது, செயற்கை இரையே வேண்டும் என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. மண்புழுவையும் மாவுருண்டையையும் கொண்டு இளமையில் மீன் பிடித்த அத்தானை இந்த விதிதான் கைவினைஞராக்கியது. தூண்டில் முள்ளின்மேல் இறகும் நூலும் கம்பளியும் சுற்றிப் பூச்சியைப் போலவோ புழுவைப் போலவோ ஓர் உருவத்தை அவரே கட்டுவார். ஆங்கிலேயர் இதனை ‘ஃப்ளை’ என்பர். நான் இறகுப்பூச்சி என்றே எழுதுகிறேன்.

இதனை மேலைநாட்டார் அண்மையில் கண்ட விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டா. ஏறத்தாழக் கி.பி. 200இல் வாழ்ந்த ஈலியன் என்னும் எழுத்தாளர், மாசிடோனிய நாட்டு ஆறொன்றில் மக்கள் முள்ளின்மேல் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழிருக்கும் இறகுகள் இரண்டைப் பொருத்தி மீன் பிடித்த செய்தியை எழுதி வைத்திருக்கிறார். கம்பளி, சேவலிறகு, முள். பதினெட்டு நூற்றாண்டுகள் கடந்தும் மூலப்பொருள் மாறவில்லை.

அத்தானின் மூலப்பொருள்கள் எல்லாம் வீட்டிலிருந்தே வந்தவை. நூல் அக்காளின் தையல் இயந்திரத்தினுடையது. கம்பளி, பழைய பின்னல் சட்டையிலிருந்து பிரித்தது. பூச்சியின் கண்களுக்குக் குளியலறை அடைப்பானில் கோத்திருந்த மணிச்சங்கிலியின் இரு மணிகள். முடிச்சு அவிழாதிருக்க அக்காளின் நகப்பூச்சில் ஒரு துளி. இறகுக்கோ, சிராங்கூன் சாலைக் கடையில் வாங்கிய கோழியிறகுத் துடைப்பம் ஒன்று. நம் நாடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அத்துடைப்பத்தை விளக்க வேண்டியதில்லை. ஒருமுனையில் பழுப்பு நிற இறகுகள் தழைத்திருக்கும்; மறுமுனை மெல்லிய பிரம்பு. இறகுமுனை தூசியைத் தட்டுவதற்கு. பிரம்புமுனை எதற்கு என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள்.

முதல் மாலையில் அத்துடைப்பத்தை மேசைமேல் கண்டபோது என் கை தானாகப் பிரம்புமுனையைப் பற்றியது. அத்தான் சிரித்து, “இப்பக்கம் பிடி, தம்பி” என்று இறகுமுனையை என்பால் திருப்பினார். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முள்ளைச் சிறிய இடுக்கியில் இறுக்கி, அதன் கண்ணருகே தொடங்கி வளைவு வரையில் நூலை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். வாலுக்குச் சில இறகிழைகளை வைத்துக் கட்ட வேண்டும். பின்னர் மணிக்கண்கள், அதன்பின் கம்பளி உடல். இறுதியில் ஓரிறகை நுனிப்பக்கமாகக் கட்டி, அதனை உடலின்மேல் வளையம் வளையமாகச் சுற்றினால், இழைகள் சிலிர்த்து நின்று நீரில் கால்களைப் போல அசையும். சொல்லும்போது ஐந்தே வரிகள். செய்யும்போது எனக்கு இரண்டு மணி நேரம். ஆறுமுறை நூல் அறுந்தது. நான் கட்டிய முதற்பூச்சி, மழையில் நனைந்த பஞ்சுத் துணுக்கைப்போல் இருந்தது.

அத்தான் அதனைக் குறைகூறவில்லை, புகழவும் இல்லை. “நூலை அதட்டுகிறாய், தம்பி. அது எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்று விரலால் கேட்டுப் பார்” என்றார். பயிற்சிக் கல்லூரியில் பயிற்று முறைகளை ஏடேடாக எழுதியவன் நான். பாடத்திட்டத்தில் நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டங்கள் வரைந்தவன். மாணவன் எவ்வளவு இழுவையைத் தாங்குவான் என்று கேட்டுப் பார்ப்பதற்கு ஒரு கட்டம் வரைந்ததாக நினைவில்லை.

மறுநாள் விடியலில் நீர்த்தேக்கத்திற்குச் சென்றோம். அங்கே வருவோர் பெரும்பாலும் நாடிவருவது தென்னமெரிக்காவிலிருந்து வந்து பெருகிவிட்ட மயில்நிறப் பாஸ் மீனை. அத்தானுக்கோ கெண்டையின்மேல்தான் கண். “பாஸ் கோபத்தில் கடிக்கும், கெண்டை யோசித்துக் கடிக்கும்” என்பது அவர் சித்தாந்தம். அது வெறுங்கூற்றன்று. கெண்டையின் தாடையில் பல் கிடையாது. பற்கள் தொண்டையில் உள்ளன. இரையை வாயால் உறிஞ்சி, சுவைத்துப் பார்த்து, ஒவ்வாததைக் கணத்தில் உமிழ்ந்துவிடும். அதன் காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் இடையே சிற்றெலும்புகளாலான ஒரு சங்கிலி இருப்பதை வெபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1820இல் விளக்கினார். அதனால் கெண்டையினத்தின் செவி மிகக் கூர்மையானது. கரையில் காலடி அழுந்தினாலே விலகிப் போகும்.

பொதுவான தூண்டிலில் ஈயக்குண்டின் எடை கயிற்றை இழுத்துச் செல்லும். இறகுப்பூச்சிக்கோ எடையில்லை, தடித்த கயிறே தன் எடையால் பூச்சியைச் சுமந்து செல்ல வேண்டும். ஆகவே வீசுவதில் வலிமைக்கு இடமில்லை. கயிறு பின்னால் நீளும் வரையில் பொறுத்திருந்து முன்னே விட வேண்டும். நான் பொறுக்கவில்லை. கயிறு என் தோளில் சுருண்டது. அத்தானின் பூச்சிக்கருகே ஒருமுறை நீர் மெல்லச் சுழித்தது. கெண்டை வாயில் வாங்கி உமிழ்ந்துவிட்டது. அவ்வளவே அன்றைய வேட்டை. எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டே அவர் மீன் பிடிப்பார். அகப்பட்டாலும் காயமின்றித் திரும்ப விடுவதற்காக. “ஒரு மீனுக்குக் காயம் பட்டால் மற்றவை அந்தப் பக்கமே வாரா” என்றார்.

அச்சொல் என்னைத் தேட வைத்தது. கார்ல் வான் ஃபிரிஷ் என்னும் ஆஸ்திரிய அறிஞர், தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1973இல் நோபல் பரிசைப் பெற்றவர், கெண்டையின் உறவான சிறுமீன்களையும் ஆராய்ந்தார். சிறுகாயமுற்ற மீன் ஒன்றைக் கூட்டத்திற்குள் திரும்ப விட்டபோது, மற்ற மீன்கள் அனைத்தும் அஞ்சிச் சிதறின. கிழிந்த தோலிலிருந்து நீரில் கலக்கும் ஒரு பொருளே காரணம் என்பதை 1938இல் வெளியிட்டார். காயம் ஒன்றுக்கு, அச்சம் அனைத்திற்கும். காயமுற்ற மீன் ஒலி எழுப்புவதில்லை, நீரே சொல்லிவிடுகிறது.

இதனைப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

1993ஆம் ஆண்டு. ஒரு தோட்டத்துப் பள்ளியில் என் முதல் நியமனம். ஐந்தாம் ஆண்டில் ஒரு சிறுவன். பால்வெட்டுத் தொழிலாளியின் மகன். வாரத்தில் ஒருநாளேனும் வரமாட்டான். ஆற்றில் லம்பாம் பிடிக்கப் போய்விடுவான். லம்பாமும் கெண்டையினமே. ஒருநாள் பாடவேளையில் அவன் மேசைக்கடியில் எதையோ செய்துகொண்டிருந்தான். பறித்துப் பார்த்தேன். முள்ளொன்றில் சிவப்பு நூலைச் சுற்றி, சேவலிறகைக் கட்டியிருந்தான். ஈலியனை அவன் படித்திருக்க வழியில்லை; அவனாகவே கண்டுபிடித்திருந்தான். நானோ அதனை உயர்த்திப் பிடித்து வகுப்பைச் சிரிக்க வைத்தேன். சூதில் வரும் வெற்றி, மீன் விழுங்கிய தூண்டிலைப் போன்றது என்று வள்ளுவர் சூதாடிக்கு உரைத்ததை, பத்து வயதுச் சிறுவன்மேல் ஏவினேன். பிறகு அதனைக் குப்பைக்கூடையில் எறிந்தேன். வகுப்பின் மூலையில் ஓர் இறகுத் துடைப்பம் இருந்தது. நான் எம்முனையைப் பயன்படுத்தினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவன் அழவில்லை. கூடையை மட்டும் ஒருமுறை பார்த்தான். அன்று முதல் அவன் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தான். அதனை என் வெற்றியென்று எண்ணினேன். வகுப்பும் அமைதியாயிற்று. கேள்வி கேட்கக் கையுயர்த்திய பிள்ளைகளும் கைகளை இறக்கிக்கொண்டார்கள். ‘கட்டுப்பாடு மிக்க வகுப்பு’ என்று மேற்பார்வைக்கு வந்தவர் குறிப்பெழுதினார். அது கட்டுப்பாடன்று, நீரில் கலந்த அச்சம் என்பதை அறிய எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன. அச்சிறுவன் புகுமுக வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தோட்டம் செம்பனைக்கு மாறியது, குடும்பங்கள் கலைந்தன. விசாரித்தவரையில் அவன் இருக்கும் இடத்தை எவரும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க ஆளில்லாத குற்றம், வட்டி மட்டும் செலுத்திவரும் கடனைப் போன்றது.

இதனை அத்தானிடம் சொன்னேன். நெடுநேரம் இறகுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர், “அவன் கட்டிய பூச்சி எப்படி இருந்தது? நினைவிருக்கிறதா?” என்று கேட்டார். நினைவிருந்தது. நூல் நெருக்கமாய், இழை பிசகாமல் சுற்றப்பட்டிருந்தது. என் முதற்பூச்சியைவிட அது எவ்வளவோ சிறந்தது. அதைச் சொல்லிவிட்டு நான் பேசாதிருந்தேன். அவர் ஒரு முள்ளை இடுக்கியில் பொருத்தி என்முன் நகர்த்தினார்.

சென்ற தவணையில் இளம் ஆசிரியர் ஒருவர், ஒரு மாணவனை என் அறைக்கு அழைத்து வந்தார். பாடவேளையில் பனிக்கூழ்க் குச்சிகளையும் ரப்பர் வளையத்தையும் கொண்டு படகு செய்தானாம். பறித்த படகு என் மேசைமேல் வைக்கப்பட்டது. “இதை எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லித் தருகிறாயா?” என்று கேட்டேன். அவன் நம்பவில்லை, என் முகத்தையும் ஆசிரியர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். காத்திருந்தேன். கயிறு பின்னால் நீளும் வரையில் காத்திருக்கத்தானே கற்றிருக்கிறேன். மெல்லப் பேசத் தொடங்கினான். பாடவேளையில் செய்தது தவறு என்பதையும் அவனே சொன்னான். மறுநாள் அறிவியல் பாடத்தில் அந்தப் படகை ஓட்டிக் காட்ட ஆசிரியர் இடமளித்தார். இதனால் பழைய கணக்கு தீர்ந்துவிட்டதென்று நான் சொல்ல மாட்டேன்.

அண்மையில் மீண்டும் தெம்பனிஸ் சென்றேன். என் பூச்சிகள் இப்போது ஓரளவு பூச்சிகளைப் போலவே உள்ளன. கெண்டை இன்னும் ஏமாறவில்லை. துடைப்பத்தில் இறகுகள் தீர்ந்துவிட்டன. எஞ்சிய பிரம்பு எங்கே என்று கேட்டேன். அக்காள் வாசற்புறத் தொட்டியைக் காட்டினாள். காற்றில் சாய்ந்திருந்த கறிவேப்பிலைக் கன்றுக்கு அதனை ஊன்றுகோலாக நட்டு, தையல் நூலால் தளர்வாகக் கட்டியிருந்தாள்.