குளத்தில் ஒரு கப்பல்

காரோட்டில் கழிந்த நம் இளமைக்குக் கமுகம்பாளையே கப்பல், ஊர்க்குளமே கடல். 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பெற்றபோது ஊர் கேரளத்தில் நின்றது. பிழைப்போ நம்மை அதனினும் தொலைவிற்குக் கொண்டு சென்றது.

சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்த நம் மகன் உறவினர் எவரோடும் தமிழில் பேசவில்லை. வானொலி அலையால் இயங்கும் போர்க்கப்பல் செய்யவேண்டும் என்பதே அவன் விருப்பம். 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றிய விளையாட்டு அது. 144-இல் ஒரு பங்கு அளவில் கப்பல் சமைத்து, பக்கங்களை மெல்லிய பால்சா மரத்தகட்டால் போர்த்தி, வளியழுத்தத்தால் சிறு எஃகுக் குண்டுகளை எய்து, மெய்யாகவே மூழ்கடிப்பர்.

நாம் தேர்ந்தது 'ஐ.என்.எஸ். டெல்லி'. 1939-இல் 'அக்கிலீஸ்' என்னும் பெயரில் பிளேட் ஆற்று முகத்துவாரப் போரில் பொருது, 1948-இல் இந்தியாவிற்கு வந்த கப்பல். அதன் 169 மீட்டர் நீளம் நம் திண்ணையில் 117 சென்டிமீட்டராயிற்று. பீரங்கி பின்னர் ஆகட்டும். முதலில் மிதக்கட்டும் என்றோம்.

மின்கலத்தை மேல்தட்டருகே வைத்தது நம் பிழை. முதல் திருப்பத்திலேயே கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. மகன் கண் கலங்கினான். நூலில் கட்டியிருந்த தக்கை இடம் காட்ட, நம் தமையனார் குளத்தில் இறங்கி எடுத்து வந்தார்.

"பாரம் அடியில கெடக்கணும், மக்களே" என்றார்.

ஏற்பியை நீர் புகாப் பெட்டியில் அடைத்திருந்தமையால் அது பிழைத்தது. மின்கலத்தை அடிக்கட்டையின்மேல் இறக்கிப் பொருத்தினோம். மறுநாள் விடியலில் வாசலில் ஒரு குரல் கேட்டு விழித்தோம்.

"பெரியப்பா, குளத்துக்குப் போவோமா?"

கப்பல் மிதந்ததைக் காட்டிலும் அக்குரலே நமக்குப் பெரிதாயிருந்தது.