கை தெரிய வேண்டிய பாட்டு

சினிமாப் பாட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பாடுகிறவர் யார் என்று திரையில் தேடும் வழக்கமே இல்லை. எஸ்.பி.பி. பாடுவார், ரஜினி வாயசைப்பார். இரண்டும் சேர்ந்தால்தான் பாட்டு. இருபது வயலின் ஒலிக்கும்போது திரையில் ஒரு வயலின்கூட இருக்காது, மலையும் புல்வெளியும் இருக்கும். யாரும் கணக்குக் கேட்பதில்லை. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) வகுப்பில் ராக் மியூசிக் வீடியோவை ஆய்வுக்கும் தயாரிப்புக்குமாக எடுத்துக்கொண்டபோது, நான் முதலில் கழற்றி வைக்க வேண்டியிருந்தது இந்தப் பழக்கத்தைத்தான். ராக்கில் சத்தத்தை உண்டாக்கியவனே திரையில் நிற்கிறான். அவனுடைய விரல், குச்சி, பெடலை மிதிக்கும் கால் எல்லாம் சாட்சிகள். சிம்பல் ஒலிக்கும் நொடியில் டிரம்மரின் கை மடியில் கிடந்தால், கிட்டார் தொட்டே பார்க்காத ஆளுக்குக்கூட ஏதோ உறுத்தும்.

அதனால் ராக் வீடியோவைத் திட்டமிடுவதை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன்: பாட்டில் கேட்கும் ஒவ்வொரு ஒலிக்கும் திரையில் யார் பொறுப்பு என்று முடிவு செய்வது, யாருமே பொறுப்பேற்காத இடங்களைத் தெரிந்தே விடுவது. கதை, உடை, லொக்கேஷன் எல்லாம் அதற்குப் பிறகு.

வகுப்பில் இதற்கு ஒரு கோட்பாடு உண்டு. ஆண்ட்ரூ குட்வின் 1992இல் வெளியிட்ட ‘டான்சிங் இன் த டிஸ்ட்ராக்‌ஷன் ஃபேக்டரி’ புத்தகத்தை மீடியா படிக்கிற யாரும் தாண்டிப் போக முடியாது. பாட்டில் சொன்னதைப் படம் அப்படியே காட்டலாம். சொன்னதற்கு மேல் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். சொன்னதோடு ஒட்டாமல் தன் வழியே போகலாம். பரீட்சைக்கு இந்த மூன்று பெட்டிகளும் போதும். கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது போதாது. எந்த நொடியில் யார் கையைக் காட்டுவது என்று அவை சொல்லாது. அதற்கு நாமே ஒரு தாள் போட வேண்டும்.

என் தாளில் ஐந்து பத்திகள்: நேரம், பார் எண், ஷாட் அளவு, கேமரா அசைவு, அந்த நொடியில் காதில் முன்னால் நிற்கும் ஒலி. ஒரு வீடியோவை முதலில் சத்தமில்லாமல் பார்ப்பேன். பிறகு திரையை மூடிவிட்டுப் பாட்டை மட்டும் கேட்பேன். இரண்டையும் தனித்தனியாக எழுதி முடித்த பிறகுதான் சேர்த்துப் பார்ப்பது. சேர்த்தே முதலில் பார்த்துவிட்டால், கண் காதை ஏமாற்றிவிடும். கண்ணுக்குத் தெரிகிற கிட்டார்தான் காதிலும் உரக்கக் கேட்கிறது என்று நம்பிவிடுவோம்.

இந்தத் தாளை வைத்துப் பார்க்கும்போது குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ வேறொரு வீடியோவாகத் தெரியும். 1975 நவம்பரில் லண்டனை அடுத்த எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் புரூஸ் கவர்ஸ் சில மணி நேரத்தில் வீடியோ டேப்பில் எடுத்து முடித்தது. பாட்டுக்கு நடுவே ஆப்பராப் பகுதி ஒன்று வருகிறது. அந்தக் கூட்டுக்குரல் ஒரு பெரிய பாடகர் குழு பாடியதல்ல. குழுவிலிருந்த சிலரே தங்கள் குரல்மேல் குரலாகப் பதிந்து அடுக்கியது. மேடையில் நின்று அப்படியே பாடிக்காட்ட முடியாது. வீடியோ அங்கே என்ன செய்கிறது? இருட்டில் நான்கு முகங்களை மட்டும் நிறுத்தி, லென்ஸுக்கு முன்னால் பட்டகம் வைத்து ஒரு முகத்தைப் பல முகங்களாக்குகிறது. குரல் பெருகிய விதத்திலேயே முகமும் பெருகுகிறது. ஆப்பரா முடிந்து கிட்டார் வெடிக்கும்போது நால்வரும் மேடைக்கு வந்துவிடுகிறார்கள். அந்தப் பகுதியை நால்வரால் வாசிக்க முடியும், அதனால் வாசிப்பதாகவே காட்டுகிறார்கள். ஒலி உண்டான முறை மாறும்போது படம் எடுக்கும் முறையும் மாறுகிறது. இந்த ஒரு பாடம் கிடைத்த பிறகு, பிடித்த எஃபெக்ட்டைப் பாட்டின் எந்த மூலையிலாவது ஒட்டிவிடலாம் என்ற ஆசை எனக்குப் போய்விட்டது.

இதே கொள்கையைக் கறாராகக் கடைசிவரை கொண்டுபோனவர் மிஷேல் காண்ட்ரி. த ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவுக்காக 2003இல் அவர் இயக்கிய ‘த ஹார்டஸ்ட் பட்டன் டு பட்டன்’ வீடியோவில், ஒவ்வொரு டிரம் அடிக்கும் நியூயார்க் தெருவில் புதிதாக ஒரு டிரம் செட் முளைக்கிறது; கிட்டாருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர். கம்ப்யூட்டரில் நகலெடுக்காமல் 32 டிரம் செட்டுகளை உண்மையிலேயே கொண்டுவந்து வரிசையாக நிறுத்தி எடுத்தது. அந்தக் குழுவில் இருந்ததே இரண்டு பேர்தான்: ஒரு கிட்டார், ஒரு டிரம். ஒலி சிக்கனமாக இருந்ததால்தான் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பொருள் என்ற கணக்கு கண்ணுக்குப் பிடிபடுகிறது. ஐந்தாறு வாத்தியம் ஒரே நேரத்தில் முழங்கும் பாட்டுக்கு இந்த யோசனையைப் போட்டால் தெருவே சந்தைக்கடை ஆகிவிடும். மாணவர்கள் பெரும்பாலும் கடன் வாங்குவது யோசனையை. வாங்க வேண்டியது அந்த யோசனை எந்த மாதிரி ஒலிக்கு உகந்தது என்ற அளவை.

எதையும் காட்ட மறுப்பதும் ஒரு முடிவுதான். த ரிப்ளேஸ்மென்ட்ஸ் குழு தன் 1985ஆம் ஆண்டு ‘பாஸ்டர்ட்ஸ் ஆஃப் யங்’ பாட்டுக்குத் தந்த கருப்பு வெள்ளை வீடியோவில் பாடகன் இல்லை, வாத்தியம் இல்லை. அறையில் ஒரு ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கிறது, கடைசியில் ஒருவன் அதை எட்டி உதைக்கிறான். எம்டிவி தொடங்கி நாலைந்து வருடம்தான் ஆகியிருக்கும், அதற்குள் அந்தச் சேனலின் பளபளப்புக்கு முறைப்பான ஒரு பதில். ஆனால் என் தாளில் அதற்கும் விடை உண்டு. முழுப் பாட்டுக்கும் பொறுப்பு ஸ்பீக்கர். கண்ணெதிரே சத்தம் வரும் இடம் அதுதான்.

கதையும் வாசிப்பும் மாறி மாறி வரும் வீடியோதான் மாணவர்கள் அதிகம் எடுப்பது, அதிகம் சறுக்குவதும் அங்கேதான். மாடியில் பேண்ட் வாசிக்கும், கடற்கரையில் ஒரு பையன் நடப்பான். இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறும் இருக்காது. ரேடியோஹெட் குழுவின் ‘ஜஸ்ட்’ வீடியோவை (1995, இயக்கம் ஜேமி த்ரேவ்ஸ்) இதற்காகவே திரும்பத் திரும்பப் பார்க்கலாம். லண்டன் நடைபாதையில் ஒரு மனிதர் படுத்துவிடுகிறார். ஏன் என்று கூட்டம் கூடிக் கேட்கிறது; பேச்சு சப்டைட்டிலில் ஓடுகிறது. மேலே ஒரு குடியிருப்பில் பேண்ட் வாசிக்கிறது, ஜன்னல் வழியே கீழே பார்க்கிறது. அந்த ஒரு பார்வைதான் கயிறு. தெருவில் வாக்குவாதம் சூடேறும்போது கிட்டாரும் ஏறுகிறது. கடைசியில் அவர் சொல்லும் காரணத்துக்கு மட்டும் சப்டைட்டில் கிடையாது. அதைக் கேட்டவர்கள் எல்லாரும் படுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு பழக்கத்தையும் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். நம் சினிமாப் பாட்டில் பல்லவி முதலிலேயே வந்துவிடும். பாட்டின் முகம் அதுதான், பிறகு சரணங்களுக்குப் போய்ப் போய்த் திரும்பி வருவோம். ராக்கில் பெரும்பாலும் வெர்ஸ் முதலில், கோரஸ் பிறகு. அதாவது உச்சத்தைத் தள்ளிப்போடும் கட்டமைப்பு. பல்லவிப் பழக்கத்தோடு ஸ்டோரிபோர்டு போட்டால் நல்ல ஷாட் எல்லாம் முதல் முப்பது விநாடியில் செலவாகிவிடும். சாமுவேல் பேயர் 1991இல் நிர்வாணா குழுவுக்கு எடுத்த ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ வீடியோவில் பள்ளி உடற்பயிற்சிக் கூடம் போன்ற ஒரு செட். படிக்கட்டு இருக்கைகளில் மாணவர் கூட்டம் முதலில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. தலை ஆடுகிறது, கால் தட்டுகிறது. மெதுவாக ஆரம்பித்து வெடித்து மறுபடி அடங்கும் பாட்டு அது. கூட்டம் முழுதாகக் கீழிறங்கி செட்டைச் சூறையாடுவது கடைசியில்தான். கூட்டத்தை அங்கேயே வைத்துக்கொண்டு அவிழ்த்துவிடாமல் இருப்பதுதான் அந்த வீடியோவின் திட்டம்.

இனி கணக்கு. நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் பாட்டில் ஒரு பீட்டுக்கு அரை விநாடி; நான்கு பீட் சேர்ந்த ஒரு பாருக்கு 2 விநாடி; நான்கு நிமிடப் பாட்டுக்கு 120 பார். விநாடிக்கு 24 ஃபிரேம் என்று எடுத்தால் சரியாக 12 ஃபிரேமுக்கு ஒரு பீட். 25 என்று எடுத்தால் பன்னிரண்டரை. ஒன்றுவிட்டு ஒரு பீட்டில் வெட்டு அரை ஃபிரேம் தள்ளி விழும். பெரிய விபத்தில்லை, ஆனால் முன்கூட்டித் தெரிந்திருந்தால் எடிட்டிங்கில் தலையைச் சொறிய வேண்டாம். நான் 120 கட்டங்கள் கொண்ட ஒரு சார்ட் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுவேன். வெர்ஸ், கோரஸ், பிரிட்ஜ், சோலோ என்று வண்ணம் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பொறுப்பாளியின் பெயர். பெயர் எழுத முடியாத கட்டங்கள் இருக்கும். கதைக்கான ஷாட் போக வேண்டியது அங்கேதான். கதையை முதலில் எழுதிவிட்டுப் பேண்டை இடைவெளியில் செருகுகிற வழக்கத்தை இந்த சார்ட் தலைகீழாக்கிவிடும்.

இதற்கெல்லாம் மாஸ்டர் மிக்ஸ் கைக்கு வந்திருக்க வேண்டும். கூடவே டிரம், பேஸ், கிட்டார், குரல் தனித்தனி டிராக்குகளும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது; எந்த அடி எந்த டிரம்மில் விழுகிறது என்று தனியே கேட்டு எழுதலாம். டிரம்மரோடு உட்கார்ந்து இதைச் செய்வதுதான் எனக்குப் பிடித்த வேலை. “மச்சி, இந்த இடத்துல நான் கிராஷ் அடிக்கவே இல்லடா, ஹைஹாட்டைத்தான் திறந்து விடுறேன்” என்பான். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு குளோசப்பின் இடம் மாறிவிடும்.

படப்பிடிப்பு நாளில் பெரிய எதிரி டிரம்ஸ்தான். குழு வாசிப்பது போல நடிக்க ஸ்பீக்கரில் பாட்டு ஓட வேண்டும். டிரம்மர் நிஜமாக அடித்தால் பாட்டு யாருக்கும் கேட்காது. அடிக்காமல் பாவனை செய்தால் கையில் வேகம் இருக்காது, பொய் என்று தெரிந்துவிடும். வைடு ஷாட்டில் டிரம்மின் மேல் துண்டைப் போர்த்தினால் காட்டிக்கொடுக்கும், ஆகவே பேஸ் டிரம்முக்குள் போர்வையைத் திணிப்பது, டிரம்மர் காதில் இயர்ஃபோன் வழியே பாட்டை விடுவது. பாட்டுக்கு முன்னால் நான்கு குச்சித் தட்டல்களைச் சேர்த்து வைத்தால் எல்லாரும் ஒன்றாகத் தொடங்குவார்கள். எடிட்டிங்கில் ஒலியையும் படத்தையும் கோக்கவும் அதுவே உதவும். மொட்டை மாடியில் இரவில் எடுப்பதானால் இயர்ஃபோனுக்கு இன்னொரு காரணமும் உண்டு: 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அது அங்கே சட்டத்தையும் காப்பாற்றும், பக்கத்து வீட்டு மாமியின் தூக்கத்தையும் காப்பாற்றும்.

சின்ன விஷயங்கள் சாட்சியைக் கலைத்துவிடும். எலெக்ட்ரிக் கிட்டாரில் கேபிள் செருகியிருக்க வேண்டும், ஆம்பில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். இரண்டாம் கோரஸில் எடுத்த விரல் குளோசப்பை முதல் வெர்ஸில் ஒட்டினால் கார்டு (ஸ்வரக்கூட்டு) வேறு என்று வாசிக்கத் தெரிந்தவர்கள் பிடித்துவிடுவார்கள். அதனால் முழுப் பாட்டையும் ஒவ்வொருவர் கைமேலும் தனித்தனியே ஒருமுறை ஓடவிட்டு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நேரம் தின்னும், வேறு வழியில்லை.

ஸ்லோமோஷன் ஆசை எல்லாருக்கும் உண்டு, அதற்கும் விலை உண்டு. கோல்ட்பிளே குழுவின் ‘யெல்லோ’ (2000) வீடியோவில் பாடகர் கிறிஸ் மார்ட்டின் இங்கிலாந்தின் ஸ்டட்லாண்ட் பே கடற்கரையில் ஒரே ஷாட்டில் நடந்துகொண்டே பாடுகிறார். விநாடிக்கு 50 ஃபிரேமில் எடுத்துப் பாதி வேகத்தில் ஓடவிட்டது. அதற்காக அவர் இரட்டை வேகத்தில் பாட வேண்டியிருந்தது. அன்று டிரம்மரின் தாயாருக்கு இறுதிச் சடங்கு என்பதால் பாடகர் மட்டுமே வந்திருந்தார். குழு இல்லாத குறையை அந்த வீடியோ மறைக்க முயலவில்லை. குரலுக்கு மட்டும் பொறுப்பேற்றுக்கொண்டு மற்ற ஒலிகளைக் கடலுக்கும் விடிகிற வானத்துக்கும் விட்டுவிட்டது. பாடகனால் இரட்டை வேகத்தில் வாயசைக்க முடியும். டிரம்மர் 120ஐ 240 ஆக்கி அதே வீச்சோடு அடிப்பது மிகக் கடினம். ஆகவே டிரம்ஸில் ஸ்லோமோஷன் வேண்டுமென்றால் தாளத்தோடு ஒட்ட வேண்டிய அவசியமில்லாத ஷாட்டுகளுக்கு மட்டும்: அடிபட்ட சிம்பலின் நடுக்கம், தெறிக்கும் வியர்வை.

முதல் எடிட் தயாரானதும் பேண்டை உட்காரவைத்துப் போட்டுக்காட்டுவேன். பாடகன் தன் முகத்தைப் பார்ப்பான், கிட்டாரிஸ்ட் தன் சோலோவுக்காகக் காத்திருப்பான். முழுப் பாட்டையும் பார் எண்ணிக்கொண்டே பார்க்கிறவன் டிரம்மர் ஒருவன்தான். தொடையில் விரல் தட்டிக்கொண்டே இருக்கும். நான் திரையைப் பார்ப்பதில்லை, அந்த விரலைப் பார்ப்பேன். எந்த இடத்தில் தட்டுவதை மறந்துவிட்டுப் படத்துக்குள் போகிறானோ, அந்த நேரத்தைக் குறித்துக்கொள்வேன். அதற்கு முன்னால் இருப்பதுதான் நான் மறுபடி வெட்ட வேண்டிய பகுதி.