டிக்கன்ஸ் என்றதும்...

ஒரு சின்ன விளையாட்டு. நான் ஒரு வார்த்தை சொல்வேன். யோசிக்காமல், மனசில் முதலில் வருவதைச் சொல்லுங்கள். போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் யுங் என்ற மனோதத்துவ டாக்டர் 100 வார்த்தைகளையும் ஒரு ஸ்டாப்வாட்ச்சையும் வைத்துக்கொண்டு இதைத்தான் செய்தார். பதில் மட்டுமல்ல, சொல்லத் தயங்கும் நேரமும் அவருக்கு முக்கியம்.

வார்த்தை: டிக்கன்ஸ்.

டிகாஷன், டிக்கி, சிக்கன் என்று வந்தால் வெட்கப்பட வேண்டாம். காது அப்படித்தான் வேலை செய்யும். ஆங்கிலேயர்களுக்கே இந்தப் பெயரில் ஒரு சங்கடம் உண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் 1812-ல் பிறப்பதற்கு 200 வருஷம் முன்பே, சாத்தான் என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்கியவர்கள் 'டிக்கன்ஸ்' என்றார்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்திலேயே இருக்கிறது. நம் பாட்டிகள் ராத்திரியில் பாம்பைப் 'பூச்சி' என்பார்களே, அது மாதிரி. அப்புறம் இந்த மனுஷர் எழுதியெழுதி அர்த்தத்தையே மாற்றிவிட்டார். இன்று 'டிக்கன்ஸியன்' என்றால் புகை, வறுமை, வேலைக்குப் போகும் குழந்தைகள்.

எனக்கு வரும் வார்த்தை வேறு: கடன்.

1824-ல் ரொட்டிக் கடைக்காரருக்கு வைத்த 40 பவுன் பாக்கிக்காக அப்பா சிறைக்குப் போனார். 12 வயசு சார்லஸ், ஷூ பாலிஷ் கம்பெனியில் லேபிள் ஒட்டினான். வாரத்துக்கு 6 ஷில்லிங். பிற்பாடு அவர் மகன் வால்ட்டர் 1857-ல் ராணுவ உத்தியோகத்துக்கு இந்தியா வந்து, கடனாளியாகி, 1863 டிசம்பர் 31-ல் கல்கத்தாவில் செத்துப்போனான். வயசு 22. செய்தி அப்பாவுக்குக் கிடைத்தது அவருடைய பிறந்த நாளன்று. பின்னாலேயே பையன் வைத்த பாக்கிக்கான பில்கள்.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை பஸ்ஸில் போனால் கெடார் என்று ஓர் ஊர் வரும். பெயர் எப்படி வந்ததோ, இலக்கணப்படி பார்த்தால் 'கெட மாட்டார்'. என்ன நம்பிக்கையான பெயர்! ஆனால், இந்த மாவட்டத்திலிருந்துதான் வருஷா வருஷம் குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் கிளம்பிப் போகின்றன, குழந்தை குட்டிகளோடு. 1976-ம் வருஷத்துச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது, அந்தக் கடனையும் சேர்த்து ரத்து செய்தது. அதனாலென்ன? சாத்தானுக்கு டிக்கன்ஸ் என்று மாற்றுப் பெயர் வைத்த மாதிரி, கடனுக்கு 'அட்வான்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சூளையில் கல் திருப்பிப் போடும் ஒரு குழந்தையிடம் 'பள்ளிக்கூடம்' என்று சொல்லி யுங்கின் ஸ்டாப்வாட்ச்சை அழுத்துங்கள். பதில் வர எத்தனை செகண்ட் ஆகும் என்று நினைக்கிறீர்கள்?