இரும்பா, அலுமினியமா?

அமெரிக்காவில் 1960களில் வெளிவந்த கார்களை இன்றும் போற்றிப் பாதுகாப்பவர்கள் பலர். துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி, இருக்கைகளைத் தைத்து முடித்ததும் அவர்களுள் வேகத்தை விரும்புபவர்கள் முன் ஒரு கேள்வி எழும். பழைய இரும்பு என்ஜின் பிளாக்கையே வைத்துக்கொள்வதா, புதிய அலுமினியப் பிளாக்கைப் பொருத்துவதா?

பிளாக் என்பது என்ஜினின் உடல். பிஸ்டன்கள் ஏறி இறங்கும் உருளைகள் அதற்குள்தான் இருக்கின்றன. அந்தக் காலத்தில் அதைப் பெரும்பாலும் வார்ப்பிரும்பில் செய்தார்கள். விலை குறைவு, உறுதி அதிகம். எடைதான் குறை. முன்பக்கம் கனமாக இருந்தால், வளைவில் கார் எளிதில் திரும்பாது. அதே அளவு அலுமினியத்தின் எடையோ, இரும்பின் எடையில் பாதிகூட இல்லை.

கார் நிறுவனங்களும் இதை அறிந்திருந்தன. 1969இல் செவர்லே நிறுவனம், தன் கமாரோ காரில் 7 லிட்டர் அலுமினிய என்ஜினைப் பொருத்தியது. அதற்கு இசட்எல்1 என்று பெயர். அதே அளவுள்ள இரும்புப் பிளாக் என்ஜினைவிட அது சுமார் 45 கிலோ எடை குறைந்தது. இல்லினாய் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் கார் விற்றுவந்த ஃபிரெட் கிப், 50 கார்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார். விலையைப் பார்த்ததும் அவர் திகைத்துப்போனார். என்ஜினுக்கு மட்டுமே 4,000 டாலருக்கு மேல்! காரின் மொத்த விலை 7,000 டாலரைத் தாண்டியது. வாங்க ஆளில்லாமல் பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மொத்தமாக 69 கார்களே உருவாயின. அன்று விலைபோகாத அவற்றை இன்று ஏலத்தில் பல லட்சம் டாலர் கொடுத்து வாங்குகிறார்கள்.

பந்தய வீரர்களின் கவலை வேறு. நேர்கோட்டுப் பந்தயங்களில் பலரும் கிரைஸ்லரின் 392 ஹெமி என்ஜினை நம்பியிருந்தனர். அதன் உற்பத்தியோ 1958உடன் நின்றுவிட்டது. நைட்ரோமீத்தேன் எரிபொருளின் வேகத்தைத் தாங்காமல் இரும்புப் பிளாக்குகள் பிளந்தன. பழைய இரும்புக் கடைகளில் தேடினாலும் மாற்றுப் பிளாக் கிடைப்பது அரிதாகிக்கொண்டே வந்தது. இந்த நிலையில்தான், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த எட் டோனவன் 1971இல் அதே வடிவமைப்பைத் தழுவி அலுமினியத்தில் ஒரு பிளாக்கை வார்த்தார். அதன் உருளைகளுக்குள் கழற்றி மாட்டக்கூடிய உறைகள் இருந்தன. ஓர் உறை பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும். பிளாக்கில் விரிசல் விட்டாலும் பற்றவைத்துச் சரிசெய்யலாம். வார்ப்பிரும்பில் அது மிகக் கடினமான வேலை. எடை குறைந்ததைவிட இதுவே வீரர்களுக்குப் பெரிய நன்மை என்று சொல்லத் தோன்றுகிறது.

இன்று பல நிறுவனங்கள் பழைய பிளாக்கின் வடிவத்திலேயே அலுமினியப் பிளாக்குகளை வார்த்து விற்கின்றன. பழைய திருகாணித் துளைகள்கூட அப்படியே பொருந்தும். ஆனாலும், மாட்டிவிட்டு ஓட்டிச் செல்ல முடியாது. சூடேறினால் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இரும்புக்குரிய அளவிலேயே வால்வு இடைவெளியை வைத்தால், சூடேறிய பிறகு அது மேலும் அகன்று 'டக டக' என்று ஓசை எழும். அதனால், அனுபவமுள்ள மெக்கானிக், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளியைச் சற்றுக் குறைத்தே வைப்பார்.

கடைசியில் எஞ்சுவது பழைய பிளாக். அதில் பொறித்த எண், காரின் எண்ணோடு ஒத்துப்போனால் அந்தக் காருக்கு மதிப்பு அதிகம். அந்தப் பிளாக்கைத் தொலைத்துவிட்டால் வேறொன்றை வாங்கி ஈடுகட்ட முடியாது. அதனால் அதை யாரும் எளிதில் எடைக்குப் போடுவதில்லை. எண்ணெய் தடவி, துணி சுற்றி, கொட்டகையின் மூலையில் வைத்துவிடுகிறார்கள். பிறகு, புதிய பிளாக்கோடு காரைச் சாலைக்கு எடுத்துச் செல்கிறார்கள்.