திரையிற் பழமையும் புதுமையும்

நூலொன்றின் தகுதியை அதன் வயது கொண்டு அளத்தலாகாது என்பது, உமாபதி சிவாசாரியார் சிவப்பிரகாசத்து அவையடக்கத்திலே வகுத்த நீதி. சைவமுந் தமிழும் பயின்ற நம் கல்லூரிச் சூழலில் இதனை அறியாதார் அரியர். ஆயினும் திரைப்படத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் இதனை நினைப்பாரும் அரியரே. மூத்தோர் இக்காலப் படமென்றால் முகஞ் சுழிப்பர். எம்மோடொத்த இளைஞர் கறுப்பு வெள்ளைப் படமென்றாற் கொட்டாவி விடுவர். இவ்விரு திறத்தாருக்கும் நடுவே நின்று இருபாலாரிடமும் ஏச்சு வாங்குதல் எமக்கு வாய்த்த பேறு.

கலைகளுள் இளையது திரைப்படம். 1895 டிசெம்பர் 28ஆந் திகதி பாரிஸ் மாநகரில் லூமியர் சகோதரர் கட்டணம் பெற்றுப் படங் காட்டியதையே அதன் பிறந்தநாளாகப் பலருங் கொள்வர். சங்கச் செய்யுளை இன்றுஞ் சுவைக்கும் நாம், நூற்றுமுப்பது ஆண்டே நிரம்பிய கலையிற் பழசென்று எதனைத் தள்ளுவது?

1927இல் திரை பேசத் தொடங்கிவிட்டது. 1931இல் வெளிவந்த 'சிற்றி லைற்ஸ்' படத்திலோ சார்ளி சப்ளின் உரையாடலை வேண்டாரென விடுத்தார். பூ விற்கும் குருட்டுப் பெண்ணொருத்தி ஒரு நாடோடியைச் செல்வனென எண்ணுகிறாள். அவன் தேடிக் கொடுத்த பொருளாற் பார்வை பெற்றபின், கந்தலுடுத்த அவனைக் கண்டு நகைக்கிறாள். இரங்கிக் காசு கொடுக்குங்கால் அவன் கையைத் தீண்டி இன்னானென உணர்கிறாள். கண் காட்டாததைக் கை காட்டிவிடுகின்றது. நம் படங்கள் பலவற்றில் இக்கட்டம் வந்திருப்பின் ஒரு பாட்டும் பத்து நிமிட வசனமும் நிச்சயம்!

சத்தியஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1955இல் வெளிவந்தது. நெடுநாட் கழித்து வீடு திரும்பிய தந்தை, மகள் துர்க்கா இறந்ததை அறியாது, அவளுக்கென வாங்கிய சேலையை எடுத்துக் காட்டுகிறார். தாய் கதறுகிறாள். அக்கதறல் நம் செவிக்கு எட்டுவதில்லை. தார்ஷெனாய் என்னும் கருவியின் இசையே அவ்விடத்தை நிரப்புகின்றது. அழுகுரலைக் கேட்டிருந்தால் அவளுக்காக இரங்கியிருப்போம். கேளாமையால் அத்துயரம் நம்முடையதாகின்றது.

இனிப் புதியதொன்று. ஈரானியரான அஸ்கர் பர்ஹாதியின் 'எ செப்பரேஷன்' 2011இல் வெளிவந்தது. மணவிலக்கு வேண்டிக் கணவனும் மனைவியும் நீதிபதிமுன் வாதிடுவதே தொடக்கம். நீதிபதியின் குரல் மட்டுங் கேட்கும், முகந் தோன்றாது. இப்படத்தை யாம் மும்முறை கண்டோம். முதன்முறை கணவன்பக்கம் நின்றோம். மறுமுறை மனைவிபக்கம் நின்றோம். மூன்றாமுறையே, கமரா இருந்தது நீதிபதியின் ஆசனத்திலென்பதும், அதில் அமர்த்தப்பட்டவர் பார்வையாளராகிய யாமே என்பதும் புலனாயின. பெற்றோருள் எவரோடு வாழ்வாளென மகள் சொல்லவேண்டிய இறுதிக் கட்டத்தில் அவள் விடையை இயக்குநர் நமக்குச் சொல்வதில்லை.

முதலிரு படங்களுக்கும் இதற்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி உண்டு. மொழியும் நாடும் வேறு. எனினும் மூன்றுக்கும் உயிர் ஒன்றே: சொல்லாது விட்டுச் சொல்லவைத்தல். இறைச்சியென்றும் உள்ளுறையென்றும் தொல்காப்பியங் கண்ட மரபில் வந்த நமக்கு இது புதுமையன்று. செய்யுளிற் போற்றியதைத் திரையிற் காணுங்கால் 'மெதுவான படம்' என்று எழுந்துபோவதுதான் எமக்கு விளங்காத புதுமை.

இவ்விழப்பு நம் மண்ணுக்கும் உரியது. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் 'ரேகாவ' மூலம் சிங்களப் படத்தைத் தென்னிந்திய ஸ்ரூடியோக்களிலிருந்து இந்நாட்டு வெயிலுக்குக் கொணர்ந்தார். தர்மசேன பத்திராஜ 1977இல் யாழ்ப்பாணத்து வாழ்வைத் தமிழிலேயே 'பொன்மணி' என்னும் படமாக்கினார். சாதியும் சீதனமும் நம் வீட்டு முற்றத்திற் செய்யும் கொடுமையை அது அமைதியாகக் காட்டிற்று. நாமோ அதற்குப் பெருவரவேற்பு அளித்தோமல்லோம். கண்ணாடியைப் பழித்து முகத்தைக் காத்துக்கொண்டோம்.

படச்சுருள் எளிதில் எரிவது. ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ 1983 யூலையில் தீக்கிரையானது. 'பதேர் பாஞ்சாலி'யின் மூலச்சுருளும் 1993இல் இலண்டனில் தீப்பட்டது. அதனை அருமையறிந்தோர் கருகிய சுருள்களிற் பயன்படுவனவற்றைப் பொறுக்கியெடுத்துப் பழுதுபார்த்தனர். 2015இல் அப்படம் புதுப்பொலிவுடன் மீண்டும் திரையேறிற்று. விரும்புவார் இருந்தமையாலேயே அது பிழைத்தது. ஏட்டுச்சுவடிகளைத் தேடிக் காத்த பெரியோரின் வழிவந்த நாம் இதனைப் பிறர் சொல்லி அறியவேண்டியதில்லை.

ஆதலின், விழாக்காணும் கல்லூரியின் இளைய மாணவர்க்கு எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. திங்களொரு முறை ஒரு பழைய படத்தையும் ஒரு புதிய படத்தையும் கூடியிருந்து பாருங்கள், பின்னர் வாதிடுங்கள். ஆசிரியரையும் பழைய மாணவரையும் அழையுங்கள். அவர்கள் புதியதற்கு முகஞ் சுழிக்கட்டும். நீங்கள் பழையதற்குக் கொட்டாவி விடுங்கள். விளக்கணைந்தபின் எவரும் எழுந்து போகாதிருந்தாற் போதும். எஞ்சியதைப் படமே பார்த்துக்கொள்ளும்.