ஈ பிடிக்கும் புழு

புழு என்றால் நமக்குத் தெரிந்தது என்ன? கத்தரிக்காயைக் குடையும், கறிவேப்பிலையைத் தின்னும். ஈயைப் பிடித்துத் தின்னும் புழுவைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஹவாய்த் தீவில் நான் பார்த்தேன்.

கொழுந்தனார் குடும்பத்தோடு ஹீலோ ஊரிலிருந்து கிலாவேயா எரிமலைக்குப் போனோம். முக்கால் மணி நேரப் பயணம். எரிமலையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது. நான் அதைச் சுற்றியுள்ள காட்டைச் சொல்கிறேன். ஓயாத சாரல், ஆள் உயரப் பெரணிச் செடிகள், நடுநடுவே ஓஹியா மரங்கள். அதன் பூ தூங்குமூஞ்சி மரத்துப் பூ மாதிரி இழை இழையாய், ஆனால் செக்கச் செவேலென்று! தலையில் வைத்துக்கொள்ளலாமே என்று கையை நீட்டினேன். "பறிச்சா மழை வரும்னு இங்கே ஐதீகம், அக்கா" என்று தடுத்துவிட்டாள் ஓர்ப்படி.

வழிகாட்டி ஓர் இலையின் ஓரத்தைக் காட்டினார். காம்பு என்றே நினைத்தேன். பச்சைப் புழு, ஓர் அங்குலம் இருக்கும். முழம் போட்டு அளப்பதுபோல் உடம்பை வளைத்து வளைத்து நடக்கும் ரகம். வளர்ந்தால் சின்னஞ்சிறு அந்துப்பூச்சி. யூபிதீசியா என்று பெயர். பின்கால்களால் இலையைப் பற்றிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்கிறது. பின்புறத்து மயிரில் ஈ உரசியதோ, போச்சு! ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குள் திரும்பி, முன்கால்களால் கவ்விவிடுமாம். நாங்கள் நின்ற அரை மணியில் எந்த ஈயும் மாட்டவில்லை!

மற்ற நாடுகளில் இதன் சொந்தக்காரப் புழுக்கள் பூவும் விதையும் தின்னும் சைவம். நடுக்கடலில் இருக்கும் இந்தத் தீவுகளுக்கோ எறும்பும் கும்பிடுபூச்சியும் தாமாக வந்து சேரவே இல்லை. மனிதர்களோடு வந்தவைதான். பிடித்துத் தின்ன ஆளில்லாததால் புழுவே வேட்டைக்குக் கிளம்பிவிட்டது என்கிறார்கள். 1972-ல் ஸ்டீவன் மான்ட்கோமெரி என்பவர் கண்டுபிடித்துச் சொன்னார்.

இப்போது ஆபத்து ஓஹியாவுக்கு. 2014-ல் ஒரு பூஞ்சை நோயைக் கண்டறிந்தார்கள். பட்டையில் காயம் பட்டால் உள்ளே நுழைந்துவிடும்; பச்சை மரம் சில வாரங்களில் பழுத்துக் காய்ந்துவிடும். லட்சக்கணக்கில் மரங்கள் போய்விட்டன. காலணி மண்ணோடும் பரவுவதால், காட்டுக்குள் போகுமுன்னும் வந்த பின்னும் அடிப்பாகத்தைத் தேய்த்து ஸ்பிரிட் தெளிக்க வேண்டும். "காலைக் கழுவிட்டு உள்ளே வா" என்று தினமும் கத்துகிற நமக்கு இது புதுசா என்ன? கொழுந்தனாரின் ஏழு வயதுப் பிள்ளை யாரும் சொல்லாமலே பிரஷ்ஷை எடுத்து, தன் ஷூவை முடித்துவிட்டு என் ஷூவுக்கும் கை நீட்டினான்.